விசுவாச வைத்தியம்

மருத்துவ உலகின் மகத்தான கண்டுபிடிப்புகள் இரண்டு. ஒன்று பெனிசிலின். மற்றொன்று, நோயாளியின் நாக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார் என்று விசாரிப்பது. முன்னதைக் கண்டுபிடித்தவரை உலகமே கொண்டாடியது. பின்னதை 1959-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் தம் டிஸ்பென்சரிக் கதவைத் திறந்துகொண்டே கண்டுபிடித்த டாக்டர் மருதப்பனுக்கோ இன்றுவரை ஒரு மாலை விழவில்லை. பக்கத்துச் சிராங்கூன் ரோட்டில் அத்தனை பூக்கடைகள் இருந்தும்.

டாக்டர் மருதப்பன் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். போகப்போகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பதினோரு வருஷமாக அந்தத் தெருவின் காய்ச்சல், கட்டி, சொறி, பிரசவம் எல்லாம் அவர் கையில்தான். கைராசிக்காரர் என்று பெயர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு குறை: அவரை எதிர்த்து யாரும் பேசியதில்லை. தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு யார்தான் எதிர்த்துப் பேச முடியும்? பதினோரு வருஷம் இப்படிக் கழிந்தால் எந்த மனிதனுக்கும் தான் சொல்வதெல்லாம் சரி என்று ஒரு நம்பிக்கை பிறந்துவிடும். அந்த நம்பிக்கை முற்றினால் அதற்குப் பெயர் “பொதுவாழ்வு”.

அந்த வருஷம் சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்தது. கூடவே தேர்தல் வந்தது. ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லாரும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும் என்று சட்டமும் வந்தது. நிற்கத் தெரிந்தவர்கள் எல்லாம் நின்றார்கள். டாக்டரும் நின்றார். கட்சி கிடையாது, சுயேச்சை. சின்னம், குடை. கொள்கை, சாக்கடைக்கு மூடி, கொக்கிப்புழுவுக்கு முடிவு.

முதல் பொதுக்கூட்டத்தில் கொக்கிப்புழுவைப் பற்றி மட்டும் ஐம்பது நிமிஷம் பேசினார். கூட்டம் அசையாமல் கேட்டது. முடிந்ததும் தாய்மார்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மறுநாள் காலை தொகுதியே கக்கூஸ் வாசலில் வரிசை கட்டி நின்றது. இவ்வளவு உடனடியாகப் பலன் தந்த அரசியல் சொற்பொழிவு அந்தத் தேர்தலில் வேறெதுவும் இல்லை.

வீடு வீடாகப் போனார். போன இடத்திலெல்லாம், “உங்களுக்குப் போடாம வேற யாருக்கு டாக்டர் போடுவோம்?” என்று கேட்டார்கள். அது கேள்வி என்பதை டாக்டர் கவனிக்கவில்லை. பதில் என்று எடுத்துக்கொண்டார்.

எண்ணி முடித்தபோது, பஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ஒரு தொழிற்சங்கக்காரருக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டு. குடைக்கு எண்பத்து மூன்று.

வாக்குக் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். வாக்குக் கொடுத்தவர்கள் எண்பத்து மூன்று பேர். தமிழ் இப்படி ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்துக்கொண்டிருப்பது வேட்பாளர்களுக்குச் செய்கிற பச்சைத் துரோகம் என்று டாக்டருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூராவும் யாரோடும் பேசாமல் யோசித்தார். திங்கட்கிழமை காலை வந்ததும் அவசரக் கூட்டம் கூட்டினார்.

கூட்டம் மருந்து கலக்கும் அறையில் நடந்தது. தலைவர், டாக்டர் மருதப்பன். செயலாளர், கம்பவுண்டர் செல்லக்கண்ணு. எட்டு வருஷமாக அங்கே மருந்து கலக்குபவர், வாயைத் திறந்தால் பாட்டிலில் இருப்பது கொட்டிவிடும் என்பதுபோல் அளந்து பேசுபவர். உறுப்பினர், நர்ஸ் சரஸ்வதி.

“செல்லக்கண்ணு, எழுதிக்கோ. நாட்டு நிலைமை மாறிடுச்சு. நம்ம டிஸ்பென்சரி நிலைமையும் மாறணும்.”

“மருந்து ஆர்டரா டாக்டர்?”

“தீர்மானம்.” டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “தொகுதியை எங்கிட்ட ஒப்படைக்க யோசிச்சவன், நுரையீரலை மட்டும் எப்படி ஒப்படைக்கிறான்? அவனுக்கே உள்ளுக்குள்ள சங்கடமா இருக்காதா? ஒரு நோயாளிக்கு நாம அந்தச் சங்கடத்தைக் கொடுக்கலாமா? கூடாது. ஆகவே, குடைக்குப் போடாதவங்களுக்கு இங்க வைத்தியம் இல்லை.”

சரஸ்வதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “டாக்டர், படிப்பு முடிச்சப்ப நீங்க ஏதோ சத்தியம் பண்ணீங்கன்னு சொல்வீங்களே?”

“பண்ணேன். வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. அதுல நோயாளின்னுதான் இருக்கு. வாக்காளர்னு ஒரு எடத்துல கூட இல்லை.”

“ஓட்டு ரகசியம் லா டாக்டர்,” என்றார் செல்லக்கண்ணு. “யாரு போட்டா, யாரு போடலன்னு எப்படித் தெரியும்?”

“காசநோய்கூட ரகசியமாத்தான் வருது. நாம கண்டுபிடிக்கலையா?”

தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிந்தார். தலைவரே வழிமொழிந்தார். ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை, ஏனென்றால் பதிவு செய்ய வேண்டியவர் அந்த நேரத்தில் இருமல் மருந்துக்குச் சீனி தேடிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் வாசலில் அட்டை தொங்கியது:

“விசுவாசமே சுவாசம்! தங்கள் தொகுதியை எம்மிடம் ஒப்படைக்க மனமில்லாத அன்பர்கள், தங்கள் உடம்பையும் ஒப்படைத்துச் சிரமப்பட வேண்டாம் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, நிர்வாகம்.”

விசுவாசத்துக்குள்ளேயே சுவாசத்தை வைத்த அந்தச் சிலேடை டாக்டருக்கு மிகவும் பிடித்திருந்தது. தெருவில் இறங்கி நின்று இரண்டு தரம் படித்துப் பார்த்தார்.

புதிய முறைப்படி வந்த முதல் நோயாளி பூவம்மா. போன வருஷம்தான் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர். டாக்டர் மருதப்பன் தொட்டால்தான் முழங்கால் வலி போகும் என்று இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

“போன சனிக்கிழமை எதுக்குப் போட்டீங்க?” என்றார் டாக்டர்.

“குடைக்குத்தான் டாக்டர். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்.”

“குவீன்ஸ்டவுன்ல குடையே நிக்கலையே?”

“அதான் சொன்னேனே, கண்ணை மூடிக்கிட்டேன்னு.”

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டில் எழுதினார்: “முழங்கால், சுமார். விசுவாசம், நன்று.”

அடுத்த திங்கட்கிழமைக்குள், குடைக்குப் போட்டதாகச் சத்தியம் செய்து மருந்து வாங்கிப் போனவர்கள் இருநூற்று ஆறு பேர். டாக்டர் அந்தச் சீட்டுக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்தறைக்குள் பாய்ந்தார்.

“செல்லக்கண்ணு! மோசம் போயிட்டோம்! இருநூத்து ஆறு பேரு போட்டிருக்காங்க. எண்பத்து மூணுன்னு எண்ணியிருக்கான். மிச்ச ஓட்டையெல்லாம் எவனோ திருடிட்டான்! மறு எண்ணிக்கை கேட்டு எழுதணும்!”

செல்லக்கண்ணு இரண்டு மாத்திரையைப் பொட்டலம் கட்டி முடித்தார். பிறகு சொன்னார்: “ஊசியைக் கையில வச்சிக்கிட்டுக் கேட்டா யாரு டாக்டர் உண்மை சொல்லுவா?”

டாக்டர் சிந்தித்தார். சொல்லை நம்பக்கூடாது, சான்று வேண்டும் என்பதுதானே விஞ்ஞானம்? அட்டையில் ஒரு வரி சேர்ந்தது: “வரும்போது குடையுடன் வரவும்.”

அந்த ஜூன் மாதம் வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. டன்லப் ஸ்திரீட்டில் மட்டும் எல்லோரும் குடையோடு நடந்தார்கள். மூலைச் சீனர் கடையில் குடை தீர்ந்துபோயிற்று. மஞ்சள்காமாலைக்காரர் மனைவியின் பூப்போட்ட குடையோடு வந்தார். வயிற்றுப்போக்குக்காரர் ஒருவர், கடன் வாங்கிய குடை வந்துசேரும்வரை பொறுக்கமாட்டாமல் பாதியில் திரும்பி ஓடினார். ஒரு திரைஷாக்காரர் தம் மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்தி, அதன் மேல்கூரையைக் காட்டினார். டாக்டர் எழுந்து வந்து பார்த்து, அதைக் குடை என்று “கொள்கையளவில்” ஏற்றுக்கொண்டார்.

இந்தப் புரட்சியால் தெருவில் அந்தச் சீனரைத் தவிர லாபம் பார்த்தவர் இன்னொருவர். டிஸ்பென்சரிக்கு நேர் எதிரே, கடைகளின் முன்னுள்ள அஞ்சடிப் பாதையில் சாக்கு விரித்து உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்யும் நாகூர் கனி. பரணில் கிடந்த கிழிந்த குடையெல்லாம் அவரிடம் வந்து குவிந்தது. கம்பி மாற்றி, துணி தைத்து, பிடி ஒட்டிக் கொடுத்தார். அவர் கையால் பிழைத்த குடைகள்தான் எதிர்ப்பக்கம் போய் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்லின.

கனிக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்து வருஷமாக இழுப்பு. மாதம் ஒரு தரம் தெருவைக் கடந்து போய் மாத்திரை வாங்குவார். முற்றிப்போனால் டாக்டர் ஊசி போடுவார். ஜூன் இரண்டாவது வாரம், மாத்திரை தீர்ந்துபோய், மூச்சில் ஒரு சின்ன விசிலோடு அவர் தெருவைக் கடந்து வந்தார்.

“குடை கொண்டாந்தீங்களா பாய்?” என்று சரஸ்வதி வாசலிலேயே கண்ணால் ஜாடை காட்டினாள்.

கனியின் கை வெறும் கை. காலையிலிருந்து அறுபது குடைக்கு நடுவே உட்கார்ந்திருந்தவருக்கு அதில் ஒன்றை எடுத்துவரத் தோன்றவில்லை.

“பரவால்ல, நமக்குத் தெரிஞ்சவர்தானே,” என்றார் டாக்டர் பெருந்தன்மையாக. “சும்மா ஒரு முறைக்குக் கேக்கிறேன் கனி பாய். எதுக்குப் போட்டீங்க?”

“உங்களுக்குப் போடல டாக்டர்.”

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் குடைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

“கேள்வி சரியா காதுல விழுந்துச்சா? குடை. குடைச் சின்னம்.”

“குடை என்னான்னு எனக்குத் தெரியாதா டாக்டர்? பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் போடல. ஏன்னா...”

டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். முகம் சிவந்திருந்தாலும் குரலில் கண்ணியம் குறையவில்லை. “காரணம் வேணாம். காரணம் கேக்கிறது வைத்தியம் இல்ல, அரசியல். இது ஆஸ்பத்திரி. இங்க அரசியலுக்கு எடமில்ல.”

நோயாளியை வெறுங்கையோடு அனுப்புவது மருத்துவ நெறிக்கு விரோதம். எனவே டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வெற்றிபெற்றுச் சட்டசபை உறுப்பினரான அந்தத் தொழிற்சங்கக்காரருக்கு: “மாண்புமிகு ஐயா, வெற்றிக்கு வாழ்த்துகள். இத்துடன் தங்கள் வாக்காளர் ஒருவரை அனுப்பியுள்ளேன். வயது ஐம்பத்திரண்டு. பத்து வருஷமாக இழுப்பு. இனி தாங்களே கவனித்துக்கொள்ளவும்.”

கனி வெள்ளந்தி. டாக்டர் எழுதிக் கொடுத்தது எதுவானாலும் அது மருந்துச் சீட்டுதான் என்பது அவர் பழக்கம். உறுப்பினர் பொதுமக்களைச் சந்திக்கும் நாளில் போய், மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, கடிதத்தைக் கொடுத்தார். உறுப்பினர் பதவிக்குப் புதியவர். எல்லாவற்றுக்கும் உதவ வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

“வேலை செய்யிற எடத்துல வந்த இழுப்பா? அப்படின்னா யூனியன் மூலமாப் பேசலாம்.”

“இல்லீங்க. ஊர்லேருந்தே வந்தது.”

“ஓ, ஊர்லேருந்து வந்ததா? அப்ப இமிகிரேஷனுக்கு எழுதணுமே.”

கடைசியில் அவர் டாக்டருக்கே பதில் எழுதினார்: “மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களே, மேற்படி நபர் தங்கள் டிஸ்பென்சரிக்கு நேர் எதிரிலேயே மூச்சுவிட்டு வருவதாக அறிகிறேன். அனுதாபத்துடன் பரிசீலிக்கவும்.” டாக்டர் அதைப் பரிசீலித்து, துளைபோட்டு, ஃபைலில் கோத்தார். சிங்கப்பூரின் சுயாட்சி நிர்வாகத்தில் ஒரு கடிதத்துக்கு இவ்வளவு விரைவாகப் பதில் வந்ததை எண்ணி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டாயிற்று.

கனி ஒருநாள் கடையை மூடிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து நாள் மாத்திரை வாங்கிவந்தார். அது தீர்ந்ததும் மறுபடி போக முடியவில்லை. குடைகள் குவிந்து கிடந்தன, எல்லாம் நோயாளிகளின் குடைகள், எல்லாம் அவசரம். படுத்தால் மூச்சு முட்டியது. மனைவி ருக்கையா சுவரோரம் மூன்று தலையணையை அடுக்கி அவரை உட்கார வைத்தே தூங்கப் பண்ணினாள். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது.

இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய நாற்காலி ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. சாலை குறுகல், கார் ஓடாத நேரத்தில் அந்த விசில் இங்கே கேட்கும். முதலில் அதை “எதிர்க்கட்சியின் கூச்சல்” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒருநாள் செல்லக்கண்ணு ஒரு சீட்டோடு வந்து நின்றார்.

“டாக்டர், பூவம்மாவுக்கு முழங்கால்தானே வலி? எபிட்ரின் எழுதியிருக்கீங்க. இழுப்புக்குக் கொடுக்கிற மாத்திரை.”

டாக்டர் சீட்டைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். “ஞாபகப் பிசகு,” என்றார். கை, கொள்கைக்குக் கட்டுப்படாமல் சுயேச்சையாக நின்றிருக்கிறது என்பதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை நடுவில் ஒரு பிற்பகல். சுமத்ராக் காற்று திடீரென்று கிளம்பித் தெருவின் தூசியையெல்லாம் வாரி அஞ்சடிப் பாதையில் இறைத்தது. மூன்று மணி இருக்கும். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ருக்கையாவின் அலறல் கேட்டது. செல்லக்கண்ணு பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினார். விரித்துக் காயவைத்த குடைகளின் மேலேயே கனி சாய்ந்து கிடந்தார். செல்லக்கண்ணும் அந்தத் திரைஷாக்காரருமாக அவரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து டாக்டர் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

கனியின் தோள் ஏறி ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது. விசில் நின்றுபோயிருந்தது. விசில் நின்றால் காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள், அது டாக்டருக்குத் தெரியும்.

சரஸ்வதி யாரும் சொல்லாமலே அட்ரினலினை ஊசியில் ஏற்றி டாக்டர் கையில் வைத்தாள். டாக்டர் ஊசியைப் பிடித்தார். சுற்றிலும் முப்பது குடைகள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஆறு வாரக் கொள்கை. இவருக்குப் போட்டால் நாளைக்குக் குடைக்கு என்ன மதிப்பு?

சலுகை காட்ட முடிவு செய்தார். குனிந்து கனியின் காதருகே மெல்லச் சொன்னார்: “கனி பாய், பேச வேணாம். குடைக்குப் போட்டேன்னு தலையை மட்டும் ஆட்டுங்க. போதும். நான் நம்பிக்கிறேன்.”

கனி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக.

“யா அல்லா! பொய்யாவது சொல்லித் தொலைங்களேன்!” என்று ருக்கையா அழுதாள். “டாக்டர், அவருக்கும் சேத்து நான் ஆட்டறேன், போடுங்க டாக்டர்!”

“இதுக்கு... விதிவிலக்கு வேணும்னா...” டாக்டரின் நாக்கு குழறியது. “கூட்டம் கூட்டணும். செல்லக்கண்ணு, நோட்டு எடு.”

“டாக்டர், உதடு நீலமாயிடுச்சு!”

“நோட்டு எடுன்னேன்! தீர்மானம். நாகூர் கனி என்பவரை, வாக்காளர் என்ற முறையில் அல்லாமல், மனிதர் என்ற முறையில், இன்று ஒருநாள் மட்டும்...”

“முன்மொழியறேன்!” என்று சரஸ்வதி கத்தினாள்.

“வழிமொழியறேன்! வழிமொழியறேன், ஊசியைப் போடுங்க!” என்றார் செல்லக்கண்ணு.

“நானும் மொழியறேன்!” என்றாள் ருக்கையா, என்ன மொழிகிறோம் என்று தெரியாமல்.

அப்போதும் டாக்டருக்குப் பழக்கம் விடவில்லை. “எதிர்ப்பவர்கள்?” என்று கேட்டார்.

எதிர்ப்பவர் ஒருவர்தான். அவருக்கு மூச்சு இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட தம் குரலை டாக்டரே அப்போதுதான் கேட்டார். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது சபை நடத்துகிற குரல். அடுத்த கணம் ஊசி இறங்கியிருந்தது. பிறகு நரம்பில் இன்னொன்று, மெல்ல மெல்ல, வியர்வை மூக்குக் கண்ணாடியில் சொட்டச் சொட்ட. அரை மணி நேரம் அவர் கனியின் மணிக்கட்டை விடவில்லை. முதலில் விசில் திரும்பி வந்தது. உலகத்தில் எந்த நாதஸ்வரமும் அவர் காதில் அவ்வளவு இனிமையாக விழுந்ததில்லை. பிறகு விசில் தேய்ந்து மூச்சானது.

குடைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ருக்கையா கனியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கனி கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

“உங்களுக்கு என்ன கேடு பாய்?” என்றார் டாக்டர். “தலையை மேலேயும் கீழேயும் ஆட்டினா என்ன? சாகப் பாத்தீங்களே. அந்தக் குமாஸ்தா அப்படி என்ன பெரிய மனுஷன்?”

“அவரை யாரு கண்டா டாக்டர்?” கனி நிறுத்தி நிறுத்திப் பேசினார். “நீங்க ஜெயிச்சா சட்டசபைக்குப் போயிடுவீங்க. எனக்கு மூச்சு முட்டினா யாரு பாப்பா? அதான் போடல.”

டாக்டர் நாற்காலியைக் கனியின் பக்கம் இழுத்துப் போட்டார்.

“நான் மட்டுமில்ல. இந்த அஞ்சடி முழுக்கப் பேசி வச்சிக்கிட்டோம். டாக்டரை விட்டுடக்கூடாதுன்னு. குடைக்கு ஓட்டு விழுந்துடாம இருக்கணுமேன்னு ருக்கையா நேந்துகூட வச்சா.”

“ஆமா டாக்டர்,” என்றாள் ருக்கையா கூச்சத்தோடு. “தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய்! அஞ்சு வாரம்!”

“சொல்ல வந்தேன். காரணம் கேக்கிறது வைத்தியம் இல்லைன்னீங்க.”

காரணத்தைக் கேட்பதுதான் வைத்தியம் என்று பதினோரு வருஷமாகப் பிழைத்து வந்தவர் டாக்டர். எழுந்து வாசலுக்குப் போய் அட்டையைக் கழற்றினார். இரண்டாக உடைத்தார். உள்ளே வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்து எழுதக் கூடிய கம்பவுண்டர் யாரும் இல்லை.

“என்ன மாதிரி முட்டாள் பாரு செல்லக்கண்ணு! ஒரு தொகுதியே என்னைப் போகவிடக்கூடாதுன்னு எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கு. சிங்கப்பூர்ல எவனுக்காவது இவ்வளவு பெரிய மரியாதை கெடைச்சிருக்கா? அந்த மரியாதையைச் செஞ்சவங்களைப் பாத்து மருந்து இல்லைன்னு அட்டை தொங்கவிட்டவன் நான்! கூட்டம் கூட்டினேன்யா, கூட்டம்! மனுஷன் கண்ணு சொருகுது, எதிர்ப்பவர்கள்னு கேக்கிறேன்!” நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்தக் கதையைப் பின்னாளில் அவர் எத்தனையோ பேரிடம் சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டதுண்டு. முதல் அடி இதுதான்.

திரைஷாவில் ஏற்றிக் கனியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அட்டையின் துண்டுகளைச் சரஸ்வதி குப்பைத் தொட்டியில் போட்டாள். டாக்டருக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது. மருந்தறை வாசலில் சாய்ந்து நின்றார். உள்ளே செல்லக்கண்ணு கனிக்கான மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அது சரி செல்லக்கண்ணு, ஒண்ணு இடிக்குதே. நான் இங்கயே இருக்கணும்னு நெனச்சவங்க எல்லாம் எனக்குப் போடல. அப்படின்னா அந்த எண்பத்து மூணு பேரு? நான் இந்த எடத்தைவிட்டுப் போய்த் தொலையணும்னு நெனச்சவங்களா?” டாக்டர் மறுபடி சிரித்தார். “மூலைச் சின்சே, அந்தச் சீன வைத்தியர், கண்டிப்பாப் போட்டிருப்பார். அந்தப் பக்கத்து டிஸ்பென்சரிக்காரரு குடும்பத்தோட வந்து போட்டிருப்பார். நல்லவேளை, பத்து வயசுப் புள்ளைங்களுக்கு ஓட்டு இல்ல. இருந்திருந்தா என் ஊசிக்குப் பயந்தே என்னை மந்திரி ஆக்கியிருக்கும்! வேற யாருய்யா இருக்கா, என்னை அனுப்பிடணும்னு?”

செல்லக்கண்ணு மாத்திரையை எண்ணி முடித்தார். பொட்டலத்தை மடித்தார். அதன் மேல் “நாகூர் கனி, வேளைக்கு ஒன்று” என்று நிதானமாக எழுதினார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“நான் போட்டேன் டாக்டர். காலையில வரிசையில மொத ஆளாப் போய் நின்னு போட்டேன்.”